மாற்றமில்லாத எண்

கூத்தாநல்லூர் சின்னப்பள்ளித் தெருவில்
பதினோராம் வீடு பூட்டியே கிடக்கும்.
மீட்டரில் 4417.
ஆனியில் போனபோதும் அதுதான்,
ஆவணியிலும் அதுதான்.
கோலாலம்பூரில் இருக்கிறார்களாம்.
பக்கத்து வீட்டு ஏசிக்கு இரண்டு மாதத்தில் தொள்ளாயிரம் யூனிட்.
அது சொட்டிய தண்ணீரில்
பூஜ்யம் யூனிட் வீட்டின் சுவரோரம்
ஒரு தக்காளி
யாரையும் கேட்காமல் படர்ந்திருந்தது.

பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது.
காம்புப் பக்கம் பச்சை விலகாத சிவப்பு.
தொண்டை வறண்டிருந்தது, ஒன்றை வாயில் போட்டேன்.
புளிப்பு முதலில் காதுக்குப் பின்னால் தெரிந்தது,
அப்புறம்தான் நாக்குக்கு.
இன்னும் நாலு பறித்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டேன்.
கணக்கில் எழுதாமல் நான் எடுத்தது
இத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான்.

விதையை வழித்துத் தம்ளரில் ஊற வைத்தேன்.
மூன்றாம் நாள் மேலே வெள்ளை ஆடை.
"என்ன செத்துக் கிடக்குது வீட்டில்?" என்றார் இவர்.
மேலே இருக்கிற வழவழப்பு அழுகினால்தான்
விதைக்கு முளைக்கத் தோன்றும் என்றேன்.
அவர் தம்ளரையே பார்த்தார்.
அது அவருடைய காபித் தம்ளர்.

மிதந்ததைக் கொட்டி, அடியில் தங்கியதை
மின் ரசீதின் பின்பக்கம் பரப்பினேன்.
மெல்லிய மயிரோடு காய்ந்து ஒட்டிக்கொண்டன.
எண்பத்தாறு.
இரண்டு முறை எண்ணினேன், தொழில் அப்படி.

ஐப்பசியில் மறுபடி போனேன்.
சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்கு சிமெண்ட்.
தண்ணீர் மட்டும் பழைய இடத்திலேயே விழுந்து
தெறித்துக்கொண்டிருந்தது.
4417.

அடைமழையில் விதைக்கக் கூடாது என்று தெரிந்தும்
அன்றைக்கே விதைத்தேன்,
டீக்கடைக் காகிதக் கப்பில், களிமண்ணில்.
இருபது முளைத்தது. இருபதும்
கழுத்தில் கறுத்துப் படுத்துவிட்டது.
நம் மண் நெல்லுக்குப் பிறந்த மண்,
வாங்கிய தண்ணீரை விடாது.
இவர் ரைஸ்மில்லிலிருந்து ஒரு சாக்கு உமிச்சாம்பல் கொண்டுவந்தார்,
ஒன்றும் பேசாமல்.
தம்ளர் விவகாரம் அத்தோடு தீர்ந்தது.

கார்த்திகைக் கடைசியில் இரண்டாம் விதைப்பு.
மார்கழிப் பனியில் முழங்கை உயரம்.
பக்கக் கிளை கிள்ளிய விரலில் மஞ்சள் கறை,
சோப்புப் போட்டால் பச்சையாகக் கரையும், போகாது.
அந்த மாதம் பாதித் தெருவின் அட்டைகளில்
என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது.

ஆபீசில் செல்வமுருகன் கேட்டான்,
"நாட்டுத் தக்காளியா அக்கா?"
நாடு என்ன நாடு.
வேலியோரக் கறுப்பு மணிக்கு நாம் வைத்திருந்த பேரைக்
கப்பலில் வந்த சிவப்பு வாங்கிக்கொண்டது.
இந்த ஊரில் யார்தான் கப்பல் ஏறவில்லை.
கடைப்பழத்தை விதைத்தால்
எது வரும் என்று சொல்ல முடியாது,
இது தாய் மாதிரியே வந்தது.
அதே சுண்டைக்காய் அளவு,
அதே காம்புப் பச்சை,
காதுக்குப் பின்னால் அதே இடம்.

மாசியில் பதினோராம் வீட்டில் எண் ஓடியிருந்தது. 4438.
கதவைத் திறந்தவளின் தலை ஈரம், இடுப்பில் குழந்தை.
இருபத்தொரு யூனிட், கட்டணம் இல்லை என்று
எழுதிக் கொடுத்துவிட்டு
பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன்.
"உங்க வீட்டுப் பழம்."
"இங்கே செடியே இல்லையே?"
"இருந்தது."
ஒன்றை வாயில் போட்டு ஒரு கண்ணை மூடினாள்.
"எவ்வளவு தரணும்?"
"முதல் நூறு இலவசம்."

சிரித்தாளா, புரியவில்லையா, தெரியாது.
வெளியே, சிமெண்டில் சொட்டு விழுகிற இடத்தில்
உள்ளங்கை அகலத்துக்குப் பாசி.
அங்கே ஒரு தொட்டி வைக்கலாமா என்று
கேட்க நினைத்து, கேட்காமல் வந்தேன்.
அடுத்த கணக்கு சித்திரையில்.
சித்திரை வெயிலில் செடி நிற்காதுதான்.
ஆனால் ஏசி
நன்றாகச் சொட்டும்.